குவாரிமென் கேஸ்: ஒரு அமெச்சூர் பேண்டுக்குள்ள என்னென்ன கை மாறுச்சு

கிட்டார் வாசிக்கறவங்க நாலு பேர் ஒரு இடத்துல உக்காந்தா பேச்சு எங்க ஆரம்பிக்கும்னு நமக்கே தெரியும், என்ன கிட்டார் வச்சிருக்கீங்க, என்ன ஸ்ட்ரிங் போடறீங்க, யாரைக் கேட்டு வாசிக்க வந்தீங்க, ஸ்டேஜ்ல எங்க சொதப்புச்சு, இந்த வரிசைலதான் போகும். எனக்கு இந்தப் பேச்சு ரொம்பப் புடிக்கும். ஆனா இதெல்லாம் ஒரு பேண்டுக்குள்ள நெஜமாவே எப்படி ஒண்ணோட ஒண்ணு சேருது, வச்சிருக்கற கிட்டாருக்கும் பாடற பாட்டுக்கும் கூட நிக்கற ஆளுக்கும் என்ன சம்பந்தம்னு ஒரு முழு கேஸா எடுத்துப் பார்க்கணும்னு நெனச்சேன். அதுக்கு நான் எடுத்தது குவாரிமென். 1956 கடைசியிலேர்ந்து 1959 வரைக்கும் லிவர்பூல்ல இருந்த ஸ்கூல் பசங்க பேண்டு, பின்னாடி பீட்டில்ஸ் ஆச்சுன்னு எல்லாருக்கும் தெரியும். பீட்டில்ஸ் ஆனதுக்காக எடுக்கல. அமெச்சூரா இருந்த காலத்துல யார் கையில என்ன இருந்துச்சு, யார் யாருக்கு என்ன சொல்லிக்குடுத்தாங்க, யார் எதுக்கு விலகுனாங்கன்னு இவ்வளவு விவரமா பதிவான அமெச்சூர் பேண்டு வேற எதுவும் எனக்குத் தெரிஞ்சு இல்ல. அதான் காரணம்.

நான் சொல்ல வர்றதை முதல்லயே சொல்லிடறேன். இந்தப் பசங்க கிட்ட இருந்த கிட்டார் எல்லாம் மட்டமான கிட்டார், அதை வச்சு அவங்க முன்னேறல. முன்னேறுனது கை மாறுன விஷயங்களால, ஒரு டியூனிங் (கம்பிகளுக்குச் சுருதி வைக்கற முறை), ஒரு கார்டு (ஒண்ணா அடிக்கற சுரக்கூட்டு), ஒரு பாட்டோட முழு வரிகள், இதெல்லாம். ஆனா அப்படிக் கை மாறும்போது ஒவ்வொரு தடவையும் யாரோ ஒருத்தர் வாசிக்கற கருவிக்கு வேலை இல்லாமப் போச்சு, அந்த ஆளும் பேண்டை விட்டுப் போனாங்க. இந்த ரெண்டாவது பாதியை யாரும் பெருசா பேசறதில்ல, எனக்கு அதுதான் முக்கியமாப் படுது.

முதல்ல காலம். பிரிட்டன்ல உணவு ரேஷன் முடிஞ்சதே 1954 ஜூலைலதான். அமெரிக்காவுலேர்ந்து இசைக்கருவி இறக்குமதி பண்றதுக்கு 1951-லேர்ந்து 1959 வரைக்கும் தடை மாதிரி கட்டுப்பாடு இருந்துச்சு, அதனால ஃபென்டர், கிப்சன் மாதிரி அமெரிக்க கிட்டார் எல்லாம் பசங்களுக்குப் படத்துல பார்க்கற பொருள்தான். பிரிட்டிஷ் பாடகர் கிளிஃப் ரிச்சர்டு அமெரிக்காவுலேர்ந்து தருவிச்சு தன் பேண்டு கிட்டாரிஸ்ட் ஹேங்க் மார்வின் கையில குடுத்த அந்த ஃபென்டர் ஸ்ட்ராட்டோகாஸ்டர் வந்ததே 1959-ல. இந்த நெலமைல ஸ்கிஃபிள்னு ஒண்ணு வந்துச்சு. கிறிஸ் பார்பரோட ஜாஸ் பேண்டுல பாஞ்சோ (தோல் கட்டின வட்ட உடம்புள்ள கம்பி வாத்தியம்) வாசிச்சிட்டிருந்த லோனி டோனெகன், கச்சேரி இடைவேளைல கிட்டாரை எடுத்துக்கிட்டு ரெண்டு மூணு பேரோட அமெரிக்க நாட்டுப்புறப் பாட்டெல்லாம் வேகமாப் பாடுவார். 1954-ல அப்படி ரெக்கார்டு பண்ண 'ராக் ஐலண்ட் லைன்' 1956 ஆரம்பத்துல பிரிட்டன்ல ஹிட் ஆச்சு. அது அமெரிக்க நாட்டுப்புறப் பாடகர் லெட் பெல்லி பாடிப் பிரபலமான பாட்டு, அதுக்கும் முன்னாடி 1934-ல அர்கன்சா சிறையில கைதிங்க பாடுனதை நாட்டுப்புறப் பாட்டு சேகரிச்ச ஜான் லோமாக்ஸ் பதிவு பண்ணிருக்கார். இதுல பசங்களைப் புடிச்சது என்னன்னா, மூணு கார்டு தெரிஞ்சாப் போதும், டிரம்ஸ் கூட வேண்டாம், துணி தேய்க்கற பலகையில விரல் நுனிக்குத் தையல் தொப்பி மாட்டிக்கிட்டுத் தேச்சா தாளம் வந்துடும். 1957 வாக்குல நாடு முழுக்க 30,000-லேர்ந்து 50,000 ஸ்கிஃபிள் குழு இருந்திருக்கும்னு பொதுவா ஒரு கணக்கு சொல்லுவாங்க. அதுல ஒண்ணுதான் இது.

குவாரி பேங்க் ஹைஸ்கூல்ல படிச்ச ஜான் லென்னன், கூடப் படிச்ச எரிக் கிரிஃபித்ஸ், பீட் ஷாட்டன், இவங்கதான் ஆரம்பம். எரிக் கிட்டார், பீட் வாஷ்போர்டு, அதான் அந்தத் துணி தேய்க்கற பலகை. ராட் டேவிஸ்னு ஒரு பையன் அப்பதான் பாஞ்சோ ஒண்ணு வாங்கியிருந்தான், அதனால அவனைச் சேர்த்துக்கிட்டாங்க, அவ்வளவுதான் தகுதி. காலின் ஹான்டன் இவங்களை விடக் கொஞ்சம் பெரியவன், சோஃபா, நாற்காலிக்கெல்லாம் மெத்தை தைக்கற வேலையில அப்ரென்டிஸா இருந்தான், கையில சம்பளம் வந்துச்சு, அதனால தவணையில டிரம்ஸ் வாங்க முடிஞ்சுச்சு. அன்னிக்கு டிரம்ஸ் வச்சிருக்கற டிரம்மர்ங்கறது பெரிய விஷயம். வாசிக்கத் தெரியுமாங்கறது அடுத்த கேள்வி, டிரம்ஸ் இருக்கா, அது முதல் கேள்வி. பாஸ், அதாவது அடிச்சுருதி வாசிக்க டீ செஸ்ட்ங்கற தேயிலைப் பெட்டி, அதை முறை வச்சு ஒருத்தர் மாத்தி ஒருத்தர் வாசிச்சாங்க, கடைசில லென் கேரி கையில நின்னுச்சு.

இந்த டீ செஸ்ட் பாஸ் பத்திக் கொஞ்சம் சொல்லணும், ஏன்னா இதுல நம்ம சம்பந்தம் ஒண்ணு இருக்கு. இந்தியாவுலேர்ந்தும் இலங்கைலேர்ந்தும் பிரிட்டனுக்குத் தேயிலை கப்பல்ல போனது ஒட்டுப்பலகைப் பெட்டியில, உள்ள ஈயத்தாள் மாதிரி தகடு ஒட்டி, ஓரமெல்லாம் தகரப்பட்டை அடிச்சு இருக்கும். தேயிலை எறங்குனதும் பெட்டி சும்மா கிடைக்கும், இல்ல சல்லி விலைக்குக் கிடைக்கும். அதைக் கவுத்துப் போட்டு, நடுவுல ஓட்டை போட்டு ஒரு கயிறு கோத்து, கயித்தோட இன்னொரு நுனியைத் துடைப்பக்கட்டை மேல கட்டி, கட்டையைப் பெட்டி ஓரத்துல நிக்க வச்சு இழுத்தா கயிறு விறைக்கும், சுருதி ஏறும், தளர்த்துனா எறங்கும். கிட்டார் கழுத்துல குறுக்க இருக்கற ஃப்ரெட்டும் கிடையாது ஒண்ணும் கிடையாது, காது மட்டும்தான். சரியான சுருதி வர்றது அபூர்வம், ஆனா ஒரு "தும் தும்" வரும், அது போதும். நீலகிரிலயும் இலங்கை மலையகத்துலயும் நம்ம ஆளுங்க கொழுந்து பறிச்சு நெரப்பின பெட்டிங்க மாதிரிப் பெட்டிதான் பிரிட்டன்ல அத்தனை ஆயிரம் பசங்களுக்கு முதல் பாஸ் ஆச்சுங்கறதை நினைக்கும்போது எனக்கு மனசு ஒரு மாதிரி ஆயிடுது. இந்த வரலாற்றை எழுதறவங்க அந்தப் பெட்டி எங்கேர்ந்து வந்துச்சுன்னு ஒரு வரி கூட எழுத மாட்டாங்க.

இப்ப ஜானோட கிட்டார். கேலோடோன் சாம்பியன்னு பேரு, தென்னாப்பிரிக்காவுல கேலோ கம்பெனி பண்ணது, சின்ன சைஸ், ஒட்டுப்பலகை பாடி. உள்ள ஒட்டியிருக்கற லேபிள்ல "பிளக்காதுன்னு உத்தரவாதம்"ங்கற அர்த்தத்துல அச்சடிச்சிருக்கும். ஒட்டுப்பலகைங்கறதால வெயில் குளிருக்குப் பிளக்காது, அந்த வகையில பொய் இல்ல, ஆனா மேல்பலகை அதிரறதும் கம்மியாத்தான் இருக்கும், சத்தம் அடைச்ச மாதிரி வரும். தபால்ல வர வச்ச கிட்டார் இது. ஜானை வளர்த்தது பெரியம்மா மிமி, அவங்களுக்கு இதெல்லாம் புடிக்காது, அதனால கிட்டார் வந்து எறங்குனது அம்மா ஜூலியா வீட்டுல. (இதே கிட்டார் 1999-ல ஏலத்துல ஒரு லட்சம் பவுண்டுக்கு மேல போச்சு. ஒலிக்காகக் குடுத்த வெல இல்ல அது.)

ஜூலியாவுக்கு பாஞ்சோ தெரியும், கிட்டார் தெரியாது. அதனால அவங்க சொல்லிக்குடுத்தது பாஞ்சோ கார்டு, கிட்டாரையும் பாஞ்சோ மாதிரியே டியூன் பண்ணிக் குடுத்தாங்க. பல பேர் இதை ஒரு வேடிக்கைத் தகவலாச் சொல்லிட்டுப் போயிடுவாங்க. கிட்டாரை மடியில வச்சுக்கிட்டு யோசிச்சா இது வேடிக்கையே இல்ல. கிட்டார்ல மேலேர்ந்து கீழ ஈ, ஏ, டி, ஜி, பி, ஈ. அஞ்சு கம்பி பாஞ்சோவோட சாதாரண ஜி டியூனிங்ல நீளக் கம்பி நாலும் டி, ஜி, பி, டி. பாருங்க, நடுவுல மூணு கம்பி ரெண்டுலயும் ஒண்ணேதான், டி, ஜி, பி. மெலிசான முதல் கம்பியை மட்டும் ஈ-லேர்ந்து டி-க்கு எறக்கிட்டா அந்த நாலு கம்பி பாஞ்சோ ஆயிடுது. ஒரு கம்பியும் அழுத்தாம அடிச்சாலே ஜி மேஜர். ஒரு விரலை மட்டும் குறுக்க வச்சு அஞ்சாவது ஃப்ரெட்ல அழுத்தினா சி, ஏழாவதுல டி. ஜி, சி, டி மூணு கார்டும் வந்தாச்சு, முக்கால்வாசி ஸ்கிஃபிள் பாட்டும் முடிஞ்சுது. கைவிரல் வலி இல்ல, மாசக்கணக்குல எஃப் கார்டோட போராட்டம் இல்ல. மேல நின்னு பாடணும்னு துடிக்கற ஒரு 16 வயசுப் பையனுக்கு இதை விட நல்ல ஆரம்பம் குடுக்க முடியாதுன்னுதான் நான் நினைக்கறேன், டியூனிங் தப்புன்னு யாரும் அந்த அம்மாவைக் குறை சொல்லக் கூடாது.

ஆனா இதுக்கு ஒரு வெல உண்டு. கிட்டாரோட தடிச்ச கம்பி ஈ 82 ஹெர்ட்ஸ் கிட்ட, நாலாவது கம்பி டி 147 ஹெர்ட்ஸ் கிட்ட. நாலு கம்பியை மட்டும் நம்பி வாசிச்சா 147-க்குக் கீழ ஒண்ணுமே இல்ல, மொத்த கிட்டாரும் மேல மட்டும் சலசலன்னு கேக்கும். ஜான் மட்டுமில்ல, எரிக்கும் இதே ஜி டியூனிங்தான், பக்கத்துல ராட் டேவிஸோட நெஜமான பாஞ்சோ வேற. மூணு பேரும் ஒரே எடத்துல அடிக்கறாங்க. அடியில நிக்கறதுக்கு அந்தத் தேயிலைப் பெட்டி ஒண்ணுதான். அதனாலதான் அந்தக் குழுவுல டீ செஸ்டுக்கு அவ்வளவு வேலை. நாளைக்கு கிட்டார் சரியான டியூனிங்குக்கு வந்து ஆறு கம்பியும் பேச ஆரம்பிச்சா, பாஞ்சோ ஒரு சுமை, டீ செஸ்டும் அத்தனை அவசியமில்ல. அது அப்படியேதான் நடந்துச்சு. சொல்றேன்.

வாசிச்ச அனுபவத்துக்கு வருவோம். 1957 ஜூன் 9, லிவர்பூல் எம்பயர் தியேட்டர்ல கரோல் லெவிஸ் நடத்துன டேலன்ட் போட்டி, தோத்துட்டாங்க. ஜூன் 22 ரோஸ்பெரி தெரு. ஜான் மன்னர் லிவர்பூலுக்குச் சாசனம் குடுத்து 750 வருசம் ஆச்சுன்னு தெருத்தெருவா விழா. நிறுத்தி வச்ச ஒரு நிலக்கரி லாரி மேல ஏறி வாசிச்சாங்க, மைக்குக்குக் கரன்ட் ஒரு வீட்டு ஜன்னல் வழியா ஒயர் இழுத்து எடுத்தது. இப்படிப் பக்கத்து வீட்டுக் கரன்ட்ல வாசிச்ச அனுபவம் நம்ம ஊர்ல வாசிக்கற யாருக்கும் புதுசு இல்ல. வாசிக்கும்போதே அங்க இருந்த முரட்டுப் பசங்க சில பேர் லென்னனை அடிக்கறதாப் பேசிக்கறது காதுல விழுந்து, லாரி பின்பக்கமா எறங்கி ஒரு வீட்டுக்குள்ள பூந்துட்டாங்க, வீட்டுக்காரம்மா டீ குடுத்தாங்க, கடைசில ஒரு போலீஸ்காரர் பஸ் ஸ்டாப் வரைக்கும் கூட வந்து ஏத்திவிட்டார். டிரம்ஸ், டீ செஸ்ட், எல்லாமே பஸ்லதான் போகும் வரும். என்ன கியர் வச்சுக்கலாம்னு முடிவு பண்றது காசு மட்டுமில்ல, பஸ்ல ஏறுமாங்கறதும்தான்.

ஆகஸ்ட் 7, கேவர்ன் கிளப். அந்த வருசம் ஜனவரில ஜாஸுக்குன்னே தொறந்த எடம். ஸ்கிஃபிள் ஜாஸோட தம்பி மாதிரின்னு விடுவாங்க, ராக் அண்ட் ரோலுக்கு எடமே கிடையாது. ஜான் ரெண்டு பாட்டு கழிச்சு எல்விஸ் பாட்டுக்குத் தாவிட்டான், ராட் டேவிஸ் வேண்டாம்னு சொல்லியும் கேக்கல, ஓனர் அலன் சிட்னர்கிட்டேர்ந்து ஸ்டேஜுக்கே சீட்டு வந்துச்சு, ராக்கை நிறுத்துன்னு. என்ன பாடறதுங்கற இந்தச் சண்டைதான் பேண்டை உள்ளேர்ந்து ரெண்டாப் பிரிச்சுது. மேனேஜர் வேலை பார்த்த நைஜல் வாலி அடிச்ச விசிட்டிங் கார்டுல கன்ட்ரி, வெஸ்டர்ன், ராக் அண்ட் ரோல், ஸ்கிஃபிள் எல்லாமே போட்டிருந்துச்சு. கார்டுல ஒண்ணா இருந்துச்சே தவிர ஆளுங்க மனசுல ஒண்ணா இல்ல. ராட் டேவிஸ் ஸ்கிஃபிளும் நாட்டுப்புறப் பாட்டும் வேணும்னு வந்தவன். ஜானுக்கு எல்விஸ்.

இதுக்கு நடுவுல ஜூலை 6. வூல்டன்ல செயின்ட் பீட்டர்ஸ் சர்ச் திருவிழா. மத்தியானம் லாரி மேல ஊர்வலத்துல வாசிச்சாங்க, அப்புறம் சர்ச்சுக்குப் பின்னாடி மைதானத்துல ஒரு சின்ன ஸ்டேஜ். கூட்டத்துல இருந்த ஐவன் வான், தன் கிளாஸ்மேட் பால் மெக்கார்ட்னியைக் கூட்டிட்டு வந்திருந்தான், பாலுக்கு 15 வயசு. அப்ப ஜான் பாடிட்டிருந்தது டெல் வைக்கிங்ஸ்ங்கற அமெரிக்கக் குழுவோட 'கம் கோ வித் மி', டூ-வாப்ங்கற சேர்ந்து பாடற வகைப் பாட்டு. வரிகள் பாதிதான் தெரியும். தெரியாத எடத்துல சிறைச்சாலை, அது இதுன்னு ஸ்கிஃபிள் பாட்டுல வர்ற வார்த்தையைப் போட்டு ஒப்பேத்துனான்னு பால் பின்னாடி பல தடவை சொல்லிருக்கார். இதை ரொம்ப நேரம் யோசிச்சேன் நான். ரெக்கார்டு வாங்கக் காசில்ல, ராத்திரில ரேடியோ லக்ஸம்பர்க்ங்கற வெளிநாட்டு ஸ்டேஷன்ல சத்தம் வந்து வந்து போகும், வந்தப்ப காதுல விழுந்தது ரெண்டு வரி, மிச்சத்தை லெட் பெல்லி வழியா டோனெகன் வழியா வந்த வார்த்தைகளை வச்சு நெரப்பறான். இன்ஃப்ளூயன்ஸ்னா யாரோட படத்தைச் சுவத்துல ஒட்டியிருக்கோம்ங்கறது இல்ல, வரி மறந்துபோன எடத்துல நம்ம வாய்ல தானா வர்றது எதுவோ அதுதான். அந்த ஒரு பாட்டுல அமெரிக்க ஜெயிலும் பிரிட்டிஷ் ஸ்கிஃபிளும் டூ-வாப் பாட்டும் ஒண்ணா இருந்துச்சு.

அப்புறம் சர்ச் ஹால்ல ராத்திரி நிகழ்ச்சிக்கு முன்னாடி ஐவன் ரெண்டு பேரையும் அறிமுகம் பண்ணி வச்சான். அங்க நடந்ததுதான் இந்தக் கேஸோட மையம். பால் கிட்டார் எடுத்து எடி காக்ரனோட 'ட்வென்டி ஃப்ளைட் ராக்' பாடினான், ஒரு வரி விடாம. அதோட ஜானுக்கும் எரிக்குக்கும் கிட்டாரைச் சரியா எப்படி டியூன் பண்றதுன்னு காட்டினான். பாட்டு வரி முழுசா தெரியும், டியூன் பண்ணத் தெரியும், இந்த ரெண்டுதான் அவன் கொண்டுவந்த சொத்து. வாசிப்பு எவ்வளவு அழகுங்கறதெல்லாம் அப்புறம். சில வாரம் கழிச்சு பீட் ஷாட்டன் வழியில சைக்கிள்ல போயிட்டிருந்த பாலைப் பார்த்து பேண்டுல சேர்றியான்னு கேட்டான், சரின்னுட்டான். அன்னிக்கு ராத்திரி ஹால்ல வாசிச்சதை ஒரு ஊர்க்காரப் பையன் கிரண்டிக் டேப் ரெக்கார்டர்ல பதிவு பண்ணிருக்கான், டோனெகன் பாட்டு ஒண்ணு, எல்விஸ் பாட்டு ஒண்ணு. 1994-ல அந்த டேப்பை இஎம்ஐ 78,500 பவுண்டுக்கு ஏலத்துல வாங்கிருக்காங்க. ஒலி ரொம்ப மங்கல். ஆனா எந்த ரெண்டு பாட்டு அதுல மாட்டுச்சுன்னு பாருங்க, பேண்டு எதுக்கு நடுவுல நின்னுச்சோ அந்த ரெண்டும் அப்படியே இருக்கு.

பாலோட பின்னணி வேற. அப்பா ஜிம் ஒரு காலத்துல ஜிம் மேக்ஸ் ஜாஸ் பேண்டுன்னு நடத்துனவர், வீட்டுல பியானோ உண்டு. அப்பா பையனுக்கு டிரம்பெட் வாங்கிக் குடுத்தார், டிரம்பெட் வாயில இருந்தா பாட முடியாதேன்னு அதைக் கடையில குடுத்துட்டு ஒரு ஜெனித் கிட்டார் வாங்கிட்டு வந்தான். இடது கைக்காரன், கிட்டார் ஏன் ஒத்துவரலைன்னு புரியவே இல்ல. அமெரிக்கப் பாடகர் ஸ்லிம் விட்மன் இடது கையால வாசிக்கற படத்தைப் பார்த்ததும்தான் புரிஞ்சு, கம்பியெல்லாம் தலைகீழா மாத்திப் போட்டுக்கிட்டான். ஒரு படம்தான், சொல்லிக்குடுக்க ஆள் கூட இல்ல. தெரியாத விஷயம் ஒருத்தருக்கு எங்கேர்ந்து வந்து சேரும்னு சொல்லவே முடியாது.

பி செவன் கார்டு கதை இதுக்கு அடுத்து வரணும். ஜானும் பாலும் ஈ தெரியும், ஏ தெரியும், பி செவன் தெரியாதுன்னு இருந்தாங்க. ஊருக்கு அந்தப் பக்கம் ஒருத்தருக்கு பி செவன் தெரியும்னு கேள்விப்பட்டு பஸ் மாறிப் போயி அவரைப் பார்த்துக் கத்துக்கிட்டு வந்தோம்னு பால் மெக்கார்ட்னி பேட்டிகள்ல சொல்லிருக்கார். இதையும் எல்லாரும் ஒரு சுவாரசியமான கதையாச் சொல்லுவாங்க. ஏன் குறிப்பா பி செவன்? ஈ சுருதில பாடணும்னா வேண்டிய மூணு கார்டு ஈ, ஏ, பி செவன். எல்விஸ் மாதிரி ராக் அண்ட் ரோல் பாட, கிட்டார்ல தடிச்ச கம்பி முழுசா அதிரணும்னா ஈ தான் வசதி, ஏன்னா ஈயும் ஏயும் தொறந்த கம்பியாவே அடியில கிடைக்குது. பாஞ்சோ டியூனிங்ல ஜி-ல ஸ்கிஃபிள் பாடற வரைக்கும் பி செவன் வேண்டவே வேண்டாம். அது தேவைப்பட்டுச்சுன்னாலே பேண்டு ஜி-லேர்ந்து ஈ-க்கு நகந்துடுச்சுன்னு அர்த்தம், ஸ்கிஃபிள்லேர்ந்து ராக் அண்ட் ரோலுக்கு வந்துடுச்சுன்னு அர்த்தம். இது என்னோட கணிப்புதான், ஆனா கிட்டாரைக் கையில வச்சுப் பார்க்கற யாரும் இதைத்தான் சொல்லுவாங்கன்னு தோணுது.

பாலோட முதல் மேடை 1957 அக்டோபர் 18, நியூ கிளப்மூர் ஹால். 'கிட்டார் பூகி' சோலோல விரல் நடுங்கி மொத்தமா சொதப்பிட்டான். அதுக்கப்புறம் லீட், அதாவது தனியா முன்னாடி கேக்கற பகுதியை வாசிக்கறதை விட்டுட்டான், அதனாலதான் பேண்டுக்கு ஒரு லீட் கிட்டார் ஆள் வேணும்னு ஆச்சு, அந்த எடத்துக்கு 1958 ஆரம்பத்துல ஜார்ஜ் ஹாரிசன் வந்தான். ஜார்ஜோட முதல் கிட்டார் டச்சு நாட்டு எக்மான்ட், ஸ்கூல் பையன் ஒருத்தன்கிட்ட 3 பவுண்டு 10 ஷில்லிங்குக்கு வாங்குனது. நெக்கைப் பாடியோட சேர்க்கற ஸ்க்ரூவைக் கழட்டிப் பார்த்தான், திருப்பி மாட்டத் தெரியல, கிட்டார் அலமாரிக்குப் போயிடுச்சு, அப்புறம் அண்ணன் பீட்டர் சரி பண்ணிக் குடுத்தார். பின்னாடி ஹோஃப்னர் பிரசிடென்ட் வாங்குனான். மாடி பஸ்ஸோட மேல்தட்டுல வச்சு 'ராஞ்சி'ங்கற வாத்திய இசையை ஒரு சுரம் விடாம வாசிச்சுக் காட்டினான், ஜானுக்கு அவனோட வயசு ஒரு தயக்கமா இருந்துச்சு, 15 கூட ஆனதோ இல்லையோ, ஆனா அந்த வாசிப்பைக் கேட்டப்புறம் தயக்கம் எங்க நிக்கும்.

இனிமே போனவங்களைப் பத்தி. ராட் டேவிஸ் தானாவே விலகிட்டான், அவன் விரும்பின இசை அங்க இல்ல, பாஞ்சோவுக்கும் எடம் இல்ல. பீட் ஷாட்டனுக்கு வாசிக்கறதுல ஆரம்பத்துலேர்ந்தே ஆர்வம் இல்ல, ஒரு பார்ட்டில ஜான் வாஷ்போர்டைப் பீட் தலைலயே உடைச்சு முடிச்சு வச்சான், ரெண்டு பேரும் கடைசி வரைக்கும் நண்பர்களாவே இருந்தாங்க. எரிக் கிரிஃபித்ஸ் விஷயம்தான் எனக்கு ரொம்ப உறுத்துது. மூணு கிட்டார் வந்தப்புறம் நாலாவது கிட்டாருக்கு வேலை இல்ல, எலக்ட்ரிக் பாஸ் வாங்கிக்கோன்னு சொன்னாங்க, அவ்வளவு காசு அவனுக்கு எங்க போறது. ஒரு ரிகர்சலுக்குக் கூப்பிடாமலே விட்டுட்டாங்க. அவன் கப்பல் வேலைக்குப் போயிட்டான். அவனும் ஜானும்தான் சேர்ந்து ஆரம்பிச்சாங்க, ரெண்டு பேரும் ஒரே தப்பான டியூனிங்ல ஒண்ணா வாசிச்சவங்க. நல்லா வாசிக்கறவன் வந்தா பழைய நண்பன் போகணுமாங்கறது எல்லா அமெச்சூர் பேண்டுலயும் ஒரு நாள் வந்தே தீரும், இவங்க அதை நேர்ல முகம் பார்த்துச் சொல்லியிருக்கணும்னு நான் நினைக்கறேன். லென் கேரிக்கு மூளைக்காய்ச்சல் வந்து மாசக்கணக்குல ஆஸ்பத்திரி, டீ செஸ்ட் அதோட முடிஞ்சுது.

1958 ஜூலை, மிஞ்சினது அஞ்சு பேர். ஜான், பால், ஜார்ஜ், டிரம்ஸ்ல காலின், பியானோவுக்குப் பால் கூட்டிட்டு வந்த ஜான் டஃப் லோ. லிவர்பூல் கென்சிங்டன் 38-ம் நம்பர் வீட்டுல பெர்சி ஃபிலிப்ஸ் சின்னதா ஒரு ஸ்டூடியோ வச்சிருந்தார். அங்க போயி ரெண்டு பாட்டு பதிவு பண்ணாங்க, ஒரு பக்கம் அமெரிக்க ராக் பாடகர் பட்டி ஹாலி பாட்டு, இன்னொரு பக்கம் பாலும் ஜார்ஜும் பேர் போட்டுக்கிட்ட சொந்தப் பாட்டு. 78 வேகத்துல சுத்தற 10 அங்குல டிஸ்க், ஒரே ஒரு காப்பி, 17 ஷில்லிங் 6 பென்ஸ், ஆளுக்கு 3 ஷில்லிங் 6 பென்ஸ். ஒரு காப்பிதானே இருக்கு, அஞ்சு பேர் இருக்காங்க, அதனால ஆளுக்கு ஒரு வாரம்னு முறை வச்சுக்கிட்டாங்க. வீட்டுல போட்டுக் கேக்கறது, சொந்தக்காரங்களுக்குப் போட்டுக் காட்டறது, அடுத்தவன்கிட்ட குடுக்கறது. கடைசியா லோ கையில வந்து அப்படியே தங்கிடுச்சு. அந்த மாசம் 15-ம் தேதி ஜூலியா ஒரு கார் மோதி எறந்துட்டாங்க, பாஞ்சோ கார்டு சொல்லிக்குடுத்த அம்மா. அதுக்கப்புறம் கொஞ்ச நாள் பேண்டு பேருக்குத்தான் இருந்துச்சு.

லோ விலகிட்டான். காலின் ஒரு பஸ் தொழிலாளர் கிளப்ல வாசிக்கப் போன எடத்துல இடைவேளைல எல்லாரும் குடிச்சு, ரெண்டாவது பாதி கெட்டுப்போயி, திரும்பி வர்ற பஸ்ல சண்டையாயி, டிரம்ஸோட எறங்கிப் போனவன் திரும்பி வரல. மூணு கிட்டார் மட்டும் மிஞ்சுச்சு, டிரம்மர் எங்கன்னு கேக்கறவங்களுக்கு "ரிதம் கிட்டார்லயே இருக்கு"ன்னு சொல்லி சமாளிச்சாங்க. இந்தச் சமாளிப்புல உண்மையும் உண்டு, டிரம்ஸ் இல்லாமலும் சரியான பாஸ் இல்லாமலும் வாசிச்சவன் வலது கைல தாளம் ஏறிடும், ஜானோட ரிதம் கிட்டாரைப் பின்னாடி பீட்டில்ஸ் ரெக்கார்டுல கேட்டா அந்த அழுத்தம் தெரியும்.

அந்த டிஸ்க் 23 வருசம் லோ வீட்டுலயே இருந்துச்சு. 1981-ல அவர் அதை ஏலத்துக்குக் கொண்டு போகப் போறார்னு தெரிஞ்சு மெக்கார்ட்னி அவர்கிட்டேர்ந்து நேரா வாங்கிக்கிட்டார், சுமார் 50 காப்பி போட்டு வேண்டியவங்களுக்குக் குடுத்தார். ரெண்டு பாட்டும் 1995-ல பீட்டில்ஸோட ஆந்தாலஜி முதல் தொகுப்புல வந்துச்சு, இப்ப யாரும் கேக்கலாம். கேட்டுப் பாருங்க, பியானோ எங்கியோ தூரத்துல கேக்கும், டிரம்ஸ் அதை விடத் தூரம், குரல் மட்டும் முன்னாடி நிக்கும், ஒரே மைக் முன்னாடி அஞ்சு பேர் நின்னா அப்படித்தான் இருக்கும். வீட்டுல போன் வச்சு ரெக்கார்டு பண்றவங்க இதைக் கேட்டுட்டு எந்தக் கருவியை எவ்வளவு தூரத்துல வைக்கணும்னு யோசிக்க நல்ல பாடம்.

1997-ல, வூல்டன் திருவிழா நடந்து 40 வருசம் ஆனப்ப, ராட் டேவிஸ், எரிக் கிரிஃபித்ஸ், காலின் ஹான்டன், லென் கேரி, பீட் ஷாட்டன் அஞ்சு பேரும் திரும்ப ஒண்ணு சேர்ந்து அதே வூல்டன்ல வாசிச்சாங்க. அதோட நிறுத்தல, பேண்டைத் திரும்ப நடத்தினாங்க, வெளிநாட்டுக் கச்சேரிக்கெல்லாம் போனாங்க, டோனெகன் பாட்டும் பழைய ஸ்கிஃபிளும்தான் வாசிச்சாங்க. கூப்பிடாம விடப்பட்ட எரிக்கும் அதுல இருந்தார், கிட்டாரோட.